கோட்டைக்குள் வந்த கொடி

அசெமாருக்கு அவருடைய அப்பா விட்டுப்போனவை ஓர் இரும்புவளையச் சட்டை, கண்ணில் பூ விழுந்த ஒரு குதிரை, பெய்ரமால் கோட்டையின் சாவி. சட்டை தோளில் இறுக்கமாக இருக்கும். அக்குளில் வளையங்கள் அறுந்த இடத்தில் தோல் துண்டு வைத்துத் தைத்திருந்தோம். கோட்டையைப் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பாறை மேல் ஒரு கோபுரம், அதைச் சுற்றி ஒரு மதில், மதிலுக்குள் கிணறும் லாயமும் அடுப்படியும் நாங்களும். சாவி அவர் இடுப்பில் தொங்கினாலும் கோட்டை எலியாஸ் பிரபுவுடையது. அசெமார், அந்தப் பிரபுவின் கையால் வாள் கட்டிக்கொண்டு அவருக்கு வீரரானவர். பிரபு கேட்கும் நாளில் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவர்.

வாள் கட்டியவர்கள் எங்கள் பக்கத்தில் சத்தமாகப் பேசுவார்கள், வழியில் படுத்திருக்கும் நாயை உதைப்பார்கள். அசெமார் அப்படி இல்லை. கஷ்கொட்டை வெந்து தோல் வெடிக்கும் வாசனைக்கு அடுப்படிப் பக்கம் வருவார். வந்து வாசலிலேயே நிற்பார்.

"உள்ள வாங்க, இல்லைன்னா வெளிய போங்க. நடுவுல நின்னா புகை போக வழியில்ல" என்பாள் அலாசீஸ்.

அலாசீஸ்தான் எங்கள் அடுப்படிக்குத் தலைவி. நான் அவளிடம் மாவு பிசையும் வேலைக்காரி. அவள் புருஷன் போன்ஸ், அசெமாருக்குப் பணியாளன். பணியாளன் என்று சொன்னாலும் இரண்டு பேரும் போன்ஸின் அம்மா மார்பில் பால் குடித்து வளர்ந்தவர்கள். ஊரார் முன்னால் "ஐயா" என்று கூப்பிடுவான். யாரும் இல்லாவிட்டால் "டேய்" தான். என்னை ஓர் ஆளாகக் கணக்கில் வைக்காததால் எனக்கு முன்னாலும் "டேய்" தான்.

போன்ஸுக்கு ஒரு கால் நொண்டி. இளவயதில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன இடத்தில் பன்றி அவனை நோக்கி வந்தது. ஈட்டியோடு பக்கத்தில் நின்றவர் அசெமார். குத்தலாமா, குத்தினால் போன்ஸ் மேல் பட்டுவிடுமா என்று நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பன்றி தொடையைக் கிழித்துவிட்டுப் போய்விட்டது.

இதை போன்ஸ் ஒவ்வொரு பண்டிகைக்கும் சொல்லிச் சிரிப்பான். "ஐயா ஈட்டியை எறியாததுனால நான் பொழைச்சேன். எறிஞ்சிருந்தா பன்னி பொழைச்சிருக்கும். ஐயா குறி அப்படி."

எல்லோரும் சிரிப்போம். அசெமாரும் சிரிப்பார். ஆனால் அவர் கண் போன்ஸின் காலைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு குளிர்காலத்தில் பிரபு தன் குதிரைகளோடு மலைக்கு அந்தப் பக்கம் சண்டைக்குப் போனார். குதிரை பார்க்கத் தெரிந்தவன் என்று போன்ஸையும் கூட்டிப்போனார். அந்தக் குளிரில்தான் அது நடந்தது. நான் எதையும் ஒளிந்து பார்க்கவில்லை. அசெமாரின் கறுப்பு மேலங்கியின் முதுகில் மாவு படிந்திருந்தது, ஐந்து விரலும் தெரிய, ஒரு கை அளவுக்கு. அதைத் தட்டிவிட என் கை எழுந்தது. பிறகு வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அன்றிலிருந்து அடுப்படி வேலை முடிந்ததும் எனக்கு லாயத்தில் ஏதாவது வேலை இருந்தது.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வரை அது ஓடியது. அன்று அசெமார் ஊர்க் கோவில் சாமியாரிடம் தன் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். வெள்ளிக்கிழமைகளில் வெறும் ரொட்டியும் தண்ணீரும் என்று சாமியார் அபராதம் விதித்தார். அதற்குப் பிறகு அவர் அடுப்படிப் பக்கம் வரவில்லை.

"நெத்தியில சாம்பல் பட்டதும் ஞாபகம் வந்துடுச்சு போல" என்றாள் அலாசீஸ். மாவை அடித்துப் போட்டாள். "அதுவரைக்கும் அவரும் வேணாம்னு சொல்லல, நானும் சொல்லல. ரெண்டு பேருக்கும் சேர்த்து தவக்காலம் வந்து சொல்லிட்டுப் போகுது."

தவக்காலம் முடிந்து உயிர்த்த ஞாயிறுக்கு போன்ஸ் திரும்பி வந்தான். அவனுக்கு யாராவது சொன்னார்களா, தானாகப் புரிந்துகொண்டானா, தெரியாது. கொஞ்ச நாள் பேச்சு குறைந்திருந்தது. பிறகு பழையபடி பன்றிக் கதையைச் சொல்ல ஆரம்பித்தான்.

அந்தக் கோடையில் லோர்ம் பிரபுவின் ஆட்கள் எங்கள் மேல் வந்தார்கள். இரண்டு பிரபுக்களுக்கும் ஆற்றங்கரை ஆலைகளை வைத்துப் பழைய தகராறு. கதிர் முற்றாத வயல்களை மிதித்துக்கொண்டு வந்து பாறையைச் சுற்றிக் கூடாரம் போட்டார்கள். அவர்களுக்குத் தலைவர் சிக்கார் என்று ஒருவர். வாள் கட்டியவர், நடுவயது, மெதுவாகப் பேசுகிறவர். கிணற்றில் தண்ணீர் இறங்கியது. களஞ்சியத்தின் தரை தெரிந்தது. எலியாஸ் பிரபு எங்கோ தெற்கே இருந்தார், அவரிடமிருந்து ஆள் வரவில்லை.

இப்படி இருக்கும்போது செய்கிற ஏற்பாடு ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் சண்டையை நிறுத்தி ஒரு நாள் குறிப்பார்கள். அந்த நாளுக்குள் கோட்டையின் எசமான் வந்து களத்தில் நின்றால் கோட்டை தப்பியது. வராவிட்டால் கதவைத் திறந்து கொடுத்துவிட்டு எல்லோரும் உயிரோடு வெளியேறலாம். அதுவரை அம்பு விடக் கூடாது, உள்ளே எதையும் கொண்டுபோகக் கூடாது. இதற்குப் பிணையாக ஓர் ஆள் எதிரியிடம் இருக்க வேண்டும். வாக்குத் தவறினால் அந்த ஆளின் உயிர் போகும்.

குறித்த நாள் மகதலா மரியாள் திருநாள் என்று முடிவாயிற்று. நற்செய்தி நூல் மேல் கை வைத்து அசெமாரும் சிக்காரும் சத்தியம் செய்தார்கள். பிணையாள், கோட்டைக் காவலருக்கு நெருங்கினவனாக இருக்க வேண்டும் என்றார் சிக்கார். அசெமாருக்குப் பிள்ளை இல்லை, மனைவியைப் பேறுகாலத்தில் எப்போதோ இழந்தவர். கூடப்பிறந்தவர்களும் இல்லை.

"நான் போறேன்" என்றான் போன்ஸ். "அவங்ககிட்ட பன்னிக்கறி இருக்கு. இங்க பூண்டுத் தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு என் ஏப்பத்துக்கு நானே பயப்படறேன்."

"வேணாம். வேற யாரையாவது..." என்று இழுத்தார் அசெமார்.

"யாரை? பேர் சொல்லுங்க ஐயா."

அசெமார் சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

போவதற்கு முன் போன்ஸ் அடுப்படிக்கு வந்தான். அலாசீஸ் இருந்ததில் பெரிய ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

"அங்க போய் ரொம்ப நொண்டாதே. பெய்ரமால்ல நல்ல ஆளே இல்லைன்னு நினைக்கப்போறாங்க" என்றாள்.

"உன் ரொட்டியைத் தின்னா காலும் சேர்ந்து வெரைச்சுக்கும், நேரா நடப்பேன்" என்றான்.

வாசலில் அசெமார் நின்றிருந்தார். அவரைத் தாண்டும்போது போன்ஸ் நின்றான். குரலைத் தாழ்த்திப் பேசினான். நான் மாவுத் தொட்டிக்குப் பின்னால் குனிந்திருந்தேன்.

"டேய், வேற ஒருத்தன் சாவி வச்சிருந்தா பிணையாப் போக நான் பயப்படுவேன். உன்னை நம்பிப் போறதுக்கு பயமில்ல. நீ என்னைக் கைவிட முடியாது. ஏன்னு உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும்."

அசெமாரின் முகத்தில் ரத்தமே இல்லை. போன்ஸ் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நொண்டிக்கொண்டே பாறைப் பாதையில் இறங்கிப்போனான்.

அவனை அவர்கள் நன்றாகத்தான் வைத்திருந்தார்கள். மதிலிலிருந்து பார்த்தால் தெரியும். பெரிய வாதுமை மரத்தடியில் உட்கார்ந்து காவல்காரர்களோடு தாயம் உருட்டுவான். கறித்துண்டைத் தூக்கிக் காட்டி எங்களை வெறுப்பேற்றுவான். சிக்காரின் குதிரைக்குக் குளம்பு புண்ணானபோது அவன்தான் மருந்து கட்டினான் என்று கேள்விப்பட்டோம். அலாசீஸ் காலையில் ஒரு தடவை மதிலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அசெமார் நாள் முழுக்கத் தெற்குப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருநாளுக்கு முந்திய நாள் பிற்பகலில் ஒருவர் வந்தார். எலியாஸ் பிரபுவின் சொந்தக் குருவான துராந்து சாமி. பாவசங்கீர்த்தனம் கேட்க வந்திருக்கிறேன் என்று சொன்னதால் சிக்காரின் ஆட்கள் வழிவிட்டார்கள். மூச்சு வாங்க ஏறி வந்தார். எப்போதும் பெருத்தவர்தான், அன்று இன்னும் பெருத்திருந்தார்.

"ஊரே பட்டினி, சாமி மட்டும் மாசமா இருக்கார்" என்றான் லாயக்காரன்.

சாமி அதைக் காதில் வாங்கவில்லை. கூடத்துக்குள் வந்ததும் கதவைச் சாத்தச் சொல்லி, அங்கியைத் தூக்கி, வயிற்றில் சுற்றியிருந்ததை அவிழ்த்தார். அவர் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றித் திரும்ப, அசெமார் முனையைப் பிடித்து இழுத்தார். மஞ்சள் துணி, நடுவில் கறுப்புக் கரடி. எலியாஸ் பிரபுவின் கொடி. வியர்வையில் நனைந்திருந்தது.

"எசமான் எங்க?" என்று கேட்டார் அசெமார்.

"வந்தாச்சு. உன் கையில இருக்கார்."

"சாமி, நான் கேக்கறது..."

"நீ கேக்கறது எனக்குப் புரியுது. எசமான் தெக்க ஒரு கோட்டையைச் சுத்தி உக்காந்திருக்கார், இப்ப விட்டுட்டு வர முடியாது. நாளைக்குப் பொழுது விடியும்போது இதைக் கோபுரத்துல ஏத்து. கொடி இருக்கிற இடத்துல எசமான் இருக்கார். கோட்டை யாருக்கும் கொடுக்கக் கூடாது. இது அவர் வாயால சொன்னது. உங்கப்பா என்ன செஞ்சார்னு நினைச்சுப் பாரு."

அசெமாரின் அப்பா செய்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எலியாஸ் பிரபு தொட்டிலில் கிடந்தபோது பழைய பிரபு இறந்துபோனார். புது எசமானுக்குக் காவலர்கள் சாவி கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும். குழந்தையைக் குளிரில் தூக்கி வர முடியாது என்று கொடியை மட்டும் அனுப்பினார்கள். கொடியைக் கோபுரத்தில் ஏற்றி, அசெமாரின் அப்பா அதன் முன்னால் மண்டியிட்டுச் சாவியை வைத்தார். அன்று கோட்டைக்குள் பிரபு வந்ததாகத்தான் கணக்கு. ஒருவரும் சந்தேகப்படவில்லை.

அசெமார் துணியை மடித்தார், மறுபடி பிரித்தார். பிறகு அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். எத்தனையோ நாளாகச் சுமந்ததைக் கீழே வைத்தவர் போல இருந்தார். கதவைத் திறந்தால் எசமானுக்குத் துரோகம், திறக்காவிட்டால் போன்ஸ் என்று இருந்த இடத்தில் அவருக்கு மூன்றாவது வழி ஒன்று கிடைத்துவிட்டது. எசமான் வந்துவிட்டார். சத்தியம் நிறைவேறிவிட்டது. போன்ஸ் வீடு திரும்பலாம். அவர் உண்மையாகவே அதை நம்பினார். பிற்பாடு அவரைத் திட்டியவர்கள் எல்லோரும் அன்று சாயங்காலம் அதை நம்பினார்கள். நானும்தான்.

அலாசீஸ் நம்பவில்லை. பொழுது சாயும் நேரம் அசெமாரை அடுப்படிக்கு அழைத்துவர என்னை அனுப்பினாள். சாம்பல் புதனுக்குப் பிறகு அவர் உள்ளே வந்தது அன்றுதான்.

"கொடி வந்தா எசமான் வந்த மாதிரின்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். கீழ கூடாரத்துல இருக்கிறவனுக்குத் தெரியுமா?"

"சிக்காரும் வாள் கட்டினவன்தான். வழக்கம் தெரிஞ்சவன்."

"தெரியலைன்னா?"

அவர் வாசல் பக்கம் திரும்பினார்.

"கதவைத் திற" என்றாள் அவள். "நாளைக்குக் கொடியும் வேணாம், கூத்தும் வேணாம். கதவைத் திறந்து அவனைக் கூட்டிட்டு வா. பெறகு எங்கயாவது போய்ப் பிழைச்சுக்கலாம்."

"திறந்தா எசமானுக்கு நான் யாரு? அப்பா வாங்கின சாவி இது. எங்க போனாலும் கதவை வித்தவன்னு காறித் துப்புவாங்க. அதோட..." என்று நிறுத்தினார். "நீ அழுததுனாலதான் திறந்தேன்னு சொல்லுவாங்க."

"சரி. திறக்கலைன்னா என்ன சொல்லுவாங்க?"

அவர் அவளைப் பார்த்தார்.

"யோசிக்கலையா? அவன் செத்தா நான் தனி ஆளு. அதுக்குத்தான் திறக்கலைன்னு சொல்லுவாங்க. எல்லாத்தையும் யோசிக்கிற ஆளு, இதை மட்டும் யோசிக்கலையா?"

அசெமார் சுவரில் கை ஊன்றிக்கொண்டார். "அவன் சாகமாட்டான்" என்றார். "எசமான் வந்தாச்சு."

திருநாள் விடிந்ததும் கொடி ஏறியது. காற்று இருந்தது, நன்றாக விரிந்தது. நாங்கள் எல்லோரும் முற்றத்தில் மண்டியிட்டோம். அசெமார் அந்த இறுக்கமான சட்டையைப் போட்டுக்கொண்டு, சாவியைக் கொடிமரத்தடியில் வைத்து எடுத்தார். பிறகு மதிலுக்குப் போனார்.

சிக்கார் தலைக்கவசம் இல்லாமல் பாறையடிக்கு வந்தார். அண்ணாந்து பார்த்தார்.

"என்ன அது?"

"எங்க எசமான் கொடி. எசமான் வந்துட்டார். சத்தியப்படி பிணையாளை அனுப்புங்க."

"கொடி இருக்கு. எசமான் எங்க?"

"கொடி இருக்கிற இடத்துல எசமான் இருக்கார். உங்க பக்கத்துலயும் அதுதானே வழக்கம்?"

"சொந்தக் கோட்டையில சாவி வாங்கறதுக்கு அது வழக்கம். எனக்கு நீ செஞ்ச சத்தியம் வேற. எங்க எசமான் வந்து களத்துல நிப்பார்னு சொன்ன. களத்துல நான் நிக்கறேன், என் குதிரை நிக்குது. வேற யாரும் தெரியல." அவர் குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. "உள்ள எதையும் கொண்டுபோகக் கூடாதுன்னும் பேச்சு. அந்தச் சாமி வயித்துல கட்டிக்கிட்டுப் போனது ரொட்டியா இருந்தா நான் பாக்காத மாதிரி இருந்திருப்பேன்."

அசெமார் அண்ணாந்து கொடியைப் பார்த்தார்.

"உச்சிப் பூசை மணி அடிக்கிற வரைக்கும் பாக்கறேன்" என்றார் சிக்கார். "அதுக்குள்ள கதவைத் திறந்துடு. உன் ஆளை எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா எனக்கு மேலயும் ஒரு எசமான் இருக்கார்."

அசெமார் இறங்கி வந்து கதவுக்கு உள்பக்கம் கல்லின் மேல் உட்கார்ந்தார். சாவி மடியில் இருந்தது. கதவுக்குக் குறுக்கே தாழாக ஒரு தடி போட்டிருந்தது, இரண்டு ஆள் தூக்குகிற தடி. துராந்து சாமி அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"பயமுறுத்தறான். செய்யமாட்டான்" என்றார் சாமி. "கூட உக்காந்து சாப்பிட்டவனை எவனாவது தூக்குல போடுவானா?"

"போட்டா?"

"போட்டா பாவம் அவனுக்கு. திறந்தா பாவம் உனக்கு. எசமான் சாவியைப் பொம்பளைக்காகக் கொடுத்தவன்னு பேர் நிக்கும். இப்பவே அடுப்படியில இருந்து லாயம் வரைக்கும் என்ன பேசறாங்கன்னு எனக்குத் தெரியும்."

எனக்கு அப்போது சாமியின் வாயில் மாவை அடைக்கலாம் போல இருந்தது. எல்லோரையும் போல நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வாதுமை மரக் கிளையில் கயிறு போட்டுவிட்டார்கள் என்று மதில் காவல்காரன் சொன்னான். போன்ஸை ஒரு வண்டி மேல் ஏற்றியிருந்தார்கள். அவன் கத்துவது எங்களுக்குக் கேட்டது.

"அசெமாரு, மெதுவாவே வா. எனக்கென்ன வேலை, நிழல்லதான் நிக்கறேன்."

மதில் மேல் யாரோ சிரித்தார்கள். கீழே சிக்காரின் ஆட்களும் சிரித்தது கேட்டது. கதவு திறக்கும் என்பதில் அவனுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

அலாசீஸ் அடுப்படிப் படியில் நின்றிருந்தாள். அவள் கெஞ்சவில்லை. ஒரே ஒரு தடவை எல்லோர் முன்னாலும் "அசெமார்" என்றாள். ஐயா என்று சொல்லவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். சாமியும் பார்த்தார். பார்த்ததும் அசெமார் மறுபடியும் குனிந்துகொண்டார். அவள் கூப்பிடாமல் இருந்திருந்தால் எழுந்திருப்பாரோ என்று நான் நினைத்ததுண்டு. அவளும் அதை நினைத்திருப்பாள்.

ஊர்க் கோவிலில் மணி அடிக்க ஆரம்பித்தது. அப்போதுதான் அவர் எழுந்தார். சாவியைப் போட்டுத் திருப்பினார். யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல் தடிக்குக் கீழே தோளைக் கொடுத்துத் தூக்கினார். ஒரு முனை கொக்கியிலிருந்து வெளியே வந்தது.

"ஐயா" என்றான் மதில் மேல் இருந்தவன். "விடுங்க. முடிஞ்சுபோச்சு."

தடி தோளில் இருக்க அவர் அப்படியே நின்றார். மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு தடியை மெதுவாக, தூங்குகிறவன் பக்கத்தில் வைப்பது போல, திரும்பவும் கொக்கியில் வைத்தார். போர்க்காலத்தில் கதவைத் திறந்து வைத்திருக்க முடியாது அல்லவா. சாவியையும் திருப்பிப் பூட்டினார்.

அலாசீஸ் உள்ளே வந்தாள். மாவு பொங்கித் தொட்டியைத் தாண்டி வழிந்திருந்தது. அதை வழித்துப் போட்டுப் பிசைந்தாள். அன்று ரொட்டி சுட்டோம். எல்லோரும் சாப்பிட்டார்கள், பசி அப்படி.

சிக்கார் போன்ஸைக் குருவை வைத்து முறையாகப் புதைத்தார். முற்றுகை தொடர்ந்தது. நாங்கள் குதிரைகளைத் தின்றோம், கண்ணில் பூ விழுந்த அந்தக் கிழட்டுக் குதிரையையும். திராட்சை பறிக்கும் காலத்துக்கு முன்னால் எலியாஸ் பிரபு தெற்கே வேலை முடிந்து படையோடு வந்தார். சிக்கார் சண்டை போடாமல் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். வாக்குப்படி கதவைத் திறந்திருந்தால் என்ன, திறக்காவிட்டால் என்ன, அந்தப் பாறையை யாரும் பெரிதாக விரும்பவில்லை என்று அப்போது தெரிந்தது.

பிரபு கூடத்தில் விருந்து வைத்தார். தொட்டிலில் கிடந்தவர் இப்போது சிவந்த முகமும் பெரிய சிரிப்புமாக இருந்தார். அசெமாரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"என் கொடியை இறக்கறதுக்குப் பதிலா பால் குடிச்ச சகோதரனையே கொடுத்தவன்யா இவன். இந்த மாதிரி ஒருத்தன் எந்த எசமானுக்குக் கெடைப்பான்? போன்ஸோட நிலம் உனக்கு. அவன் பொண்டாட்டியும் உனக்கு."

அசெமார் கோப்பையைக் கீழே வைத்தார். "எசமான், அவ துக்கத்துல இருக்கா."

"துக்கம் இருக்கட்டும். நிலத்தை ஆம்பளை இல்லாம விட முடியாது. நீ கொடுத்து வச்சவன், உனக்கு முன்னாடியே அவ மேல ஒரு கண்ணுன்னு சாமி சொன்னார்." கூடம் முழுக்கச் சிரிப்பு. "வேணாம்னா சொல்லிடு. நம்ம வில்லாளி கஸ்தோன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

கஸ்தோன் இரண்டு மனைவிகளைப் புதைத்தவன். இரண்டாவது மனைவியின் பிணத்தைக் கழுவியது நான். அவள் தாடை ஒடிந்திருந்தது.

அசெமார் கோப்பையை மேசை மேல் திருப்பிக்கொண்டிருந்தார். வேண்டும் என்று சொன்னால் என்ன ஆவார், வேண்டாம் என்று சொன்னால் அவள் என்ன ஆவாள் என்று அவர் நினைப்பது முகத்தில் தெரிந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். அலாசீஸ் ரொட்டிக் கூடையோடு மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். கூடையைக் கீழே வைத்தாள்.

"இவரே கட்டிக்கட்டும் எசமான்" என்றாள். "யோசிக்க விட்டா பொழுது விடிஞ்சிடும்."

பிரபு மேசையைத் தட்டிச் சிரித்தார். நல்ல வாயாடி என்றார். அந்தக் கூடத்தில் சிரிக்காதவர்கள் மூன்று பேர்.

எல்லாப் புனிதர்கள் திருநாளுக்குப் பிறகு கோவில் வாசலில் கல்யாணம் நடந்தது. சம்மதமா என்று கேட்டபோது அவள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சம்மதம் என்றாள். ஆற்றங்கரையில் போன்ஸ் கட்டிய வீட்டுக்குப் போனார்கள். ஒத்தாசைக்கு என்னையும் கூட்டிப்போனாள்.

அங்கே ஒரு சண்டை சச்சரவு கிடையாது. அவர் வரும்போது தண்ணீர் எடுத்து வைப்பாள், சட்டையைக் கழற்ற உதவுவாள், தட்டில் சூடாகப் போடுவாள். முன்பு தனியாக இருக்கும்போது நீ என்று பேசியவள் இப்போது நீங்க என்று பேசினாள். கட்டிலில் அவள் படுத்தாள். அவர் அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கோல் மேல் படுத்தார்.

பிரபுவின் சண்டை எதுவானாலும் அவர் முதல் ஆளாகப் போனார். ஏணியில் முதலில் ஏறுவாராம். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் விழுவார்கள், அவர் மேல் ஒரு கீறல் படாது. தைரியசாலி என்று பேர் வந்தது. சிறு வயதில் ஈட்டியோடு நின்றதை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

ஒரு தவக்காலத்தில் துராந்து சாமியிடம் அந்தத் திருநாளைப் பற்றிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். அலாசீஸ் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

"அபராதம் விதிக்க முடியாதுங்கறார். எசமான் கோட்டையைக் காப்பாத்தினது பாவம் இல்லையாம். பாவமே இல்லாததுக்கு மன்னிப்பு எங்கேருந்து கொடுக்கறதுன்னு கேக்கறார்."

அவள் தலையை ஆட்டினாள். அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

அதற்கு அடுத்த குளிர்காலத் தொடக்கத்தில் வீட்டில் பன்றி வெட்டினோம். அலாசீஸ் மேசையில் கறியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். நான் தொட்டியில் உப்பு தடவி அடுக்கினேன். அசெமார் எதிரே உட்கார்ந்திருந்தார். கறித்துண்டுகளைப் பார்த்தபடி கேட்டார்.

"அன்னைக்கு நான் முன்னாடியே திறந்திருந்தா?"

"எசமான் உங்களைத் தூக்குல போட்டிருப்பார்."

"ஆமா."

"போன்ஸ் உங்க காலைக் கட்டிக்கிட்டு அழுதிருப்பான். நானும் அழுதிருப்பேன். ஊர் வாய்க்கு வந்ததைப் பேசியிருக்கும், நான் காதுல வாங்கியிருக்கமாட்டேன்." கத்தியை நிறுத்தாமல் பேசினாள். "இப்ப அவனுக்குன்னு அழ உக்காந்தா எதிர்ல நீங்க உக்காந்திருக்கீங்க. அழுகை வரமாட்டேங்குது."

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எங்கயாவது போயிடட்டுமா?"

"எங்க போவீங்க?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அவருக்குச் சொல்ல இடம் எதுவும் இல்லை என்று தெரிந்ததும் தொடைக்கறியை அவர் பக்கம் தள்ளினாள்.

"இந்தப் பக்கம் இறுக்கிப் பிடிங்க. எலும்புல கத்தி எறங்கமாட்டேங்குது."

அவர் பிடித்துக்கொண்டார்.